உன் மகளின் சொந்த முடி

என்னை அதட்டுவதற்கென்றே எனக்கு முன்னால் பிறந்த என் அக்காவுக்கு,

நீ போய் வருஷத் திதியும் முடிந்துவிட்டது. அத்தான் பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடையைப் பழையபடி திறந்து வைக்கிறார். சாப்பாட்டைத்தான் நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை. நான் அதே நாயுடுபுரம் வீட்டில், காட்டேஜ்காரர்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் காயவைத்துக்கொண்டு, கொடைக்கானல் மேகத்தோடு சண்டை போட்டபடி இருக்கிறேன். உன் மகள் தேனு என்னோடுதான் இருக்கிறாள். அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்தாயிற்று அக்கா.

மாப்பிள்ளை பிரபு, அவள் வேலை பார்க்கும் ஹோட்டலிலேயே இருக்கிறவர். கன்னிவாடியில் சொந்த வீடு, கொஞ்சம் தோட்டம், ஒரு அம்மா. அந்த அம்மாவைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் உன் மகளின் தலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

உன் சாவுக்கு அவள் அழவில்லை என்று ஊரே பேசியது உனக்குத் தெரியுமா? கண் அழவில்லைதான். சில மாதம் கழித்துத் தலை அழ ஆரம்பித்தது. நடுவில் டைபாய்டு வேறு வந்து சேர்ந்துகொண்டது. சீப்பில் முடி, தலையணையில் முடி, நான் போட்ட சோற்றில் முடி. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க, அதிர்ச்சியிலயும் காய்ச்சல்லயும் கொட்டினது, திரும்ப வந்துரும். ஆனா மெதுவாத்தான் வரும்" என்றார். மெதுவாக வரட்டும். பெண் பார்க்க வருகிறவர்கள் அதுவரைக்கும் காத்திருப்பார்களா, நீயே சொல்லு.

அதனால் உன் மகள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மதுரைக்குப் போய் முடி தைத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஆமாம், தைத்துத்தான். நாம் கல்யாண வீட்டுக்கு வைத்துக்கொள்ளும் சவுரி மாதிரி இல்லை இது. சொந்த முடியைத் தலையோடு ஒட்டி வரிவரியாகச் சின்னப் பின்னலாகப் போட்டு, அந்தப் பின்னல்மேல் வாங்கிய முடியை ஊசி நூலால் தைத்துவிடுகிறார்கள். மேலே பார்த்தால் இடுப்புவரை புரளும் கூந்தல்; அவளுடையது அடியில் பதுங்கிக் கிடக்கும். வாசலில் வந்து நின்றவளைப் பார்த்ததும், பொய் சொல்லவில்லை, நீதான் சின்ன வயசாகித் திரும்பி வந்துவிட்டாய் என்று நினைத்துக் கையிலிருந்த வாளியைக் கீழே போட்டுவிட்டேன்.

"யாரு முடிடி இது?" என்று கேட்டேன்.

"கோயில் முடின்னு சொன்னாங்க சித்தி. பழனியா இருக்கலாம், வேற எதுவாவும் இருக்கலாம். முறைக்காத."

முறைக்கவா முடிந்தது எனக்கு? தேனு சின்னப் பிள்ளையில் காய்ச்சல் கண்டு பிழைத்தபோது, முழங்கால்வரை இருந்த முடியை நீ பழனியில் கொடுத்துவிட்டு, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு சிரித்தபடி படியிறங்கி வந்தாய். அந்த மாதிரி எந்த அம்மா எந்தப் பிள்ளைக்காகக் கொடுத்ததோ இது. சாமிக்கென்று போனது எங்கெங்கோ கைமாறி, கடைசியில் தாயில்லாத பிள்ளை தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. நான் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். உன் மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்தப் பக்தியில்தான் தப்பு பண்ணினேன். வெள்ளிக்கிழமை வெள்ளனே அவளை எழுப்பி, கொடைக் குளிரில் கட்டியாகக் கிடக்கும் தேங்காயெண்ணெயை உருக்கி, அந்த முடி முழுக்க ஊற்றித் தேய்த்தேன். சீயக்காய் போட்டுக் கசக்கினேன். ஈரம் போகச் சாம்பிராணி காட்டினேன். மேல்முடி பளபளத்தது. எனக்கு ஒரே பெருமை. அடியில் இருந்ததைப் பற்றிய நினைப்பே வரவில்லை. சீயக்காய்த் தூள் பின்னல் வரிகளுக்குள் மாட்டிக்கொண்டது. உருக்கிய எண்ணெய் மறுபடி உறைந்து அதை அடைத்துக்கொண்டது. உள்ளே ஈரம் அப்படியே நின்றுவிட்டது.

கொஞ்ச நாளில் அவள் பென்சில் முனையைப் பின்னலுக்குள் விட்டுத் தலையைச் சொறிய ஆரம்பித்தாள். ஒரு நாள் என்னைத் தாண்டிப் போனபோது ஒரு வாடை அடித்தது. எனக்கு அத்துப்படியான வாடை அக்கா அது. மூடுபனி நாளில் சரியாகக் காயாத போர்வையை மடித்துவைத்தால் வருமே, அதே மக்கல் வாடை. ஊர் விரிப்பையெல்லாம் காயவைப்பதுதான் எனக்குச் சோலி, என் வீட்டுப் பிள்ளை தலை காயவில்லை. எங்கே போய் முட்டிக்கொள்வது?

நம் மாடியில் இப்போது மெர்சி டீச்சர் குடியிருக்கிறாள். கென்யாக்காரி. பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறவள். கொடைக்கு வந்து பல வருஷமானதால் காய்காரரிடம் தமிழிலேயே பேரம் பேசுவாள். நான் துவைக்கிற கல்லருகே தேனுவை உட்காரவைத்து மறுபடி எண்ணெயும் கையுமாக நின்றதைப் படியிலிருந்து பார்த்துவிட்டாள்.

"ஆன்ட்டி, நீங்க யாரைக் குளிப்பாட்டுறீங்க?"

"பார்த்தா தெரியலையா, என் மகளை."

"இல்ல ஆன்ட்டி. நீங்க அந்த முடியக் குளிப்பாட்டுறீங்க. அதுக்கு வேர் கெடையாது, எண்ணெய் ஊத்துனாலும் குடிக்காது. குடிக்கிறது உள்ள இருக்கு. அதுக்கு நீங்க சோறே போடல."

எனக்குச் சுருக்கென்றது. உனக்கு என்னடி தெரியும் என்று வாய்வரைக்கும் வந்தது. அவள் அதற்குள் தன் தலையைக் குனிந்து, முடியை விலக்கிக் காட்டினாள். அவள் தலையிலும் அதே வரிவரிப் பின்னல், அதே தையல். சின்னப் பிள்ளையிலிருந்து இதோடுதான் வாழ்கிறாளாம்.

"இதுவும் உங்க ஊர் முடிதான் ஆன்ட்டி. லீவுக்குப் போனப்ப நைரோபியில வாங்கினேன். இந்தியா முடின்னு சொல்லித்தான் குடுத்தாங்க."

நான் அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். நம் பக்கத்து மலையடிவாரத்தில் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தது, கடல் தாண்டிப் போய் இன்னொருத்தி தலையில் ஏறி, திரும்பவும் இந்த மலைக்கே வந்து என் மாடியில் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறது என்றால் இதை என்னவென்று சொல்வது? அன்றைக்கு முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. மெர்சி மாடிப்படி ஏறும்போதெல்லாம் அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உலகம் இவ்வளவு பெரிசா, இவ்வளவு சின்னதா?

அப்புறம் அவள் சொன்னபடி செய்தேன். தக்காளி சாஸ் வரும் மூக்குள்ள பாட்டிலில் தண்ணீரும் கொஞ்சம் ஷாம்பூவும் கலந்து, வரிகளுக்கு நடுவே தலைத்தோலில் விட வேண்டும். கசக்கக் கூடாது, விரல் நுனியால் அமுக்கினால் போதும். ஊற்றிய தண்ணீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும். துண்டால் தேய்க்காமல் பழைய பனியனால் ஒற்றியெடுத்து, அதிகச் சூடில்லாத காற்றில் ஒவ்வொரு வரியாக விலக்கிக் காயவைக்க வேண்டும். மேல்முடி காய்ந்துவிட்டதே என்று ஏமாறக் கூடாது. அடியில் இருக்கும் பின்னலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். எண்ணெய் விரல் நுனியில் தொட்டால் போதும், அதுவும் தோலுக்கு மட்டும். இஸ்திரி போடுகிற அறையில் உட்காரவைத்து நானே காயவைத்தேன். விரிப்புக்கெல்லாம் கிடைக்காத கவனிப்பு.

படுக்கும்போது பட்டுத்துணி கட்டச் சொன்னாள், தலையணை உரசி முடி அறாமல் இருக்க. நான் உன் அரக்குப் பட்டுப்புடவையைக் கிழித்தேன் அக்கா. திட்டாதே. வேறு யாருக்கு எடுத்து வைப்பது?

வாடை போனது, அரிப்பு போனது. ஆனால் மெர்சி ஒரு நாள் தேனுவின் நெற்றி ஓரத்தைப் பார்த்து முகம் மாறினாள். பின்னல் இழுத்த இடத்தில் பொடிப்பொடியாகக் கொப்புளம்.

"இத வெரசா பிரிச்சிரணும். கல்யாணம் வரைக்கும் வச்சா இந்த எடத்துல முடி திரும்ப வராது. எங்க ஊர்ல நெறைய பேருக்கு நெத்தி இப்படியே ஏறிப் போயிருக்கு."

கல்யாணம் தை மாதம். அதற்கு முன்னாலேயே மாப்பிள்ளை வீட்டார் பூ வைக்க வருகிற நாள் நெருங்கிவிட்டது. பூ வைப்பது என்றால் மாமியார் தன் கையால் பெண்ணின் தலையில் பூச்சூட்டி, இவள் எங்கள் வீட்டுப் பெண் என்று சொல்வது. உனக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? பெண் பார்க்க வந்த அன்றைக்கு அந்த அம்மா தேனுவின் கூந்தலைப் பார்த்து, "எங்க வீட்டுல யாருக்கும் இப்படி முடி கெடையாது" என்று மனசு நிறையச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பிரபுவுக்கு விஷயம் தெரியும். "அம்மாட்ட அப்புறம் சொல்லிக்கலாம்" என்று சொல்லியிருந்தார். ஆம்பளைகளுக்கு எல்லாமே அப்புறம்தான்.

நான் பயந்தேன். தாலி ஏறும்வரை இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் சொன்னேன். தேனு கண்ணாடி முன்னால் நின்று நெற்றிக் கொப்புளத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "அடியில வளர்றதுதான சித்தி என்னுது? அதச் சாகவிட்டுட்டு, யார் முடியிலயோ பூ வாங்கிக்கணுமா?" என்றாள். இதற்கு உனக்காவது பதில் கிடைத்திருக்குமா?

பூ வைக்கிற நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, வெயில் வந்த நேரமாகப் பார்த்து, மாடியில் வைத்துப் பிரித்தோம். நூலைத்தான் வெட்ட வேண்டும், முடியில் கத்தரி பட்டுவிடக் கூடாது. மெர்சி வெட்டினாள், நான் இழுத்தேன். தைத்த முடி பட்டை பட்டையாகக் கழன்று வந்தது. பின்னலைப் பிரித்தபோது ஒரு கை நிறைய முடி என் விரலோடு வந்துவிட்டது. என் உயிர் போய்விட்டது அக்கா. நான்தான் எண்ணெயும் ஈரமுமாகப் போட்டு அழித்துவிட்டேன், அக்காவுக்கு என்ன பதில் சொல்வேன் என்று உட்கார்ந்து அழுதேன்.

"அழாதீங்க ஆன்ட்டி. தெனமும் கொஞ்சம் கொஞ்சமா சீப்புல வரவேண்டிய முடி. பின்னலுக்குள்ள மாட்டிக்கிட்டு இருந்துச்சு. இப்ப தலையப் பாருங்க."

பார்த்தேன். வகிடு எடுத்த இடத்திலெல்லாம், முன்பு வெறும் தோலாகத் தெரிந்த இடத்திலெல்லாம், புதுமுடி. வில்பட்டித் தோட்டத்தில் கேரட் முளைத்து நிற்குமே, அந்த அடர்த்தியில், சின்னச் சின்னதாக, எல்லாம் நிமிர்ந்து நின்றன. வெளிச்சம் படாமல், யாரும் பார்க்காமல், நான் பண்ணின கூத்துக்கு நடுவிலும் அது பாட்டுக்கு வளர்ந்திருக்கிறது. யார் சொல்லி வளர்ந்தது? அவள் அழாத அழுகையெல்லாம் கொட்டித் தீர்த்தபின் உள்ளே எது முடிவு பண்ணியது, போதும், இனி முளைப்போம் என்று? நான் விரலால் தடவிக்கொண்டே இருந்தேன். கோயிலில்கூட எனக்கு அப்படி உடம்பு சிலிர்த்ததில்லை. தேனு கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு அழுதாள் அக்கா, உனக்காக அழ வேண்டியதையெல்லாம் சேர்த்து அழுதாள். நான் நிறுத்தவில்லை.

கழற்றிய முடியை அலசிக் காயவைத்து வெள்ளைத்துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். தூக்கிப் போட மனசு வரவில்லை. என்ன செய்யலாம் என்று நீயாவது கனவில் வந்து சொல்லு.

நேற்று கன்னிவாடியிலிருந்து வந்தார்கள். அந்த அம்மா தட்டிலிருந்த பூவை எடுத்துக்கொண்டு தேனுவின் பின்னால் போய் நின்றவர், அப்படியே நின்றுவிட்டார். கழுத்தளவு மெல்லிய முடி, உச்சியெல்லாம் குட்டைக் குட்டையாய்ப் புதுசு. அத்தான் தரையைப் பார்த்தார். பிரபு எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், தேனு முந்திக்கொண்டாள்.

"அத்தை, அன்னைக்கு நீங்க பார்த்தது என் முடி இல்ல, தச்சது. அம்மா போனப்ப எல்லாம் கொட்டிருச்சு. இதான் எனக்கு வந்திருக்கு."

அந்த அம்மா பூவைப் பார்த்தார், தலையைப் பார்த்தார். "அடிப்பாவி மகளே, அந்த முடிய நெனச்சுல்ல இம்புட்டுப் பூ வாங்கியாந்தேன்" என்றார். பிறகு பூச்சரத்தில் ஒரு சின்னத் துண்டை அளந்து அறுத்தார். வைத்தார், வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தார், அதுவும் நழுவியது. அவர் தன் கொண்டையில் கை விட்டு ஒரு ஊசியை உருவி, அந்தப் புதுமுடியையும் பழைய முடியையும் சேர்த்துப் பிடித்துக் குத்தினார்.

"ஆட்டிப் பாரு தாயி."

தேனு தலையை ஆட்டினாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பூ நின்றது அக்கா. அவளுடைய சொந்த முடியில், பூ நின்றது.

இனி ஒரு நாளும் உன் மகளை ஈரத்தலையோடு படுக்க விட மாட்டேன். அவள் கன்னிவாடிக்குப் போன பிறகும் போன் போட்டுக் கேட்பேன், அடி காய்ந்ததா, தொட்டுப் பார்த்தாயா என்று. இது உனக்கு என் வாக்கு.

தேனுவுக்குச் சித்தியாக இருந்து, இப்போது அம்மாவாகவும் ஆகப் பழகிக்கொண்டிருக்கும்
உன் தங்கச்சி வசந்தி