மச்சான் செய்த பெட்டி

பொம்மனஹள்ளி,
டிசம்பர் 2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

பாமா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அண்ணியும் குட்டி அனுஷாவும் சுகம்தானே? என்னோடு வேலை பார்க்கும் உஷா சிங்கப்பூர் வருகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மெயில் போட்டால் உன் ஆபீஸில் நாலு பேர் படிப்பார்கள். போனில் பேசலாமென்றால் பக்கத்தில் உன் மாப்பிள்ளை இருப்பார். முறுக்கு நொறுங்கியிருந்தால் அவளைத் திட்டாதே, கட்டியது நான்தான்.

ஹெப்பகோடியில் என் வீட்டுக்காரர் வேலை செய்யும் ஐஸ் பேக்டரியில் நீ செய்த உன் கம்பெனிப் பெட்டியை மாட்டியிருக்கிறார்கள். ஐஸ் உறைய வைக்கும் அமோனியா வாயு கசிந்தால் அது ஜிபிஆர்எஸ் என்ற செல்போன் டேட்டா வழியாக முதலாளியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அங்கிருந்து இவர் செல்லுக்கு எஸ்எம்எஸ் வரும். பெட்டி வந்த கையோடு பழைய அபாய மணியைக் கழற்றிவிட்டார்கள். இப்போது மெஷின் ரூமுக்குள் போகும் முன் இவர் செல்லைப் பார்க்கிறார். ஒன்றும் வரவில்லையென்றால் கசிவு இல்லை என்று உள்ளே போகிறார்.

போன வாரம் சாயங்காலம் நல்ல மழை. ஓசூர் ரோட்டில் மாட்டிக்கொண்டவர்களெல்லாம் வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் செல்லைப் பார்த்தார், ஒன்றுமில்லை. உள்ளே போனார். கண்ணெரிய, இருமிக்கொண்டு ஓடிவந்து குழாயடியில் முகம் கழுவும்போதுதான் 'கசிவு' என்று எஸ்எம்எஸ் வந்ததாம். வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

பெட்டி உன்னுடையது, டவர் நான் வேலை பார்க்கும் செல்போன் கம்பெனியுடையது. ஒரு டவரில் இருப்பது கொஞ்சம் இடங்கள். பேசுகிறவர் போனை வைக்கும்வரை ஓர் இடம் அவருக்கே. டேட்டா துண்டு துண்டாகி, மிச்சமிருக்கும் சந்தில் போகும். பஸ்ஸில் கூட்டம் ஏறினால் பார்சலை அடுத்த பஸ்ஸில் ஏற்றச் சொல்வார்களே, அதே கதைதான். அப்போதும் பெட்டியின் திரையில் 'ஜி' என்ற எழுத்து எரிந்துகொண்டிருக்கும். டவருக்கு இந்தப் பெட்டியைத் தெரியும், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். செய்தி போய்ச் சேர்ந்ததென்று அர்த்தமில்லை. இவர் அந்த எழுத்தைச் சாமி விளக்குபோல் நம்புகிறார்.

வருகிற முப்பத்தொன்றாம் தேதி ஊரே போனில் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லும். டேட்டாவுக்கென்று ஒதுக்கிய இடங்களையும் அன்று மாலை பேச்சுக்கே கொடுக்கச் சொல்லிவிட்டார் என் மேலதிகாரி ரகுராம். மாற்ற வேண்டியவள் நான். ஹெப்பகோடியை மட்டும் விடலாமா என்று கெஞ்சினேன். "வாய்ஸ்தாம்மா நமக்குச் சோறு போடுது, டேட்டா காலைல போகட்டும்" என்றார். அந்த இடங்களை அப்படியே விட்டாலும்தான் என்ன, மழை நாளின் பேச்சுக்கே தாமதித்த செய்திதானே. அன்று மாலை இவருக்கு டியூட்டி. லீவு கேட்டார், கிடைக்கவில்லை.

உள்ளே போகாதீர்கள் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். "சும்னே பயப்படாத, மச்சான் செஞ்ச பெட்டி பொய் சொல்லாது. உனக்கு உங்க அண்ணன் மேல பொறாமை" என்கிறார். நானும் இன்ஜினியர்தான், அண்ணா. ஆனால் இந்த வீட்டில் உன் பேச்சுக்குத்தான் மதிப்பு. எனக்குக் கோபமாக வருகிறது, பயமாகவும் இருக்கிறது.

பெட்டி சும்மா இருக்கும்போதும் 'நலம்' என்று அடிக்கடி சொல்லும்படி புரோகிராமை மாற்று. அது நின்றால் அதுவே ஆபத்தென்று அவர்களுக்குத் தெரியட்டும். அதற்குள் முடியாதென்றால், மணியைத் திரும்ப மாட்டச் சொல்லி முதலாளிக்கு உன் கம்பெனியிலிருந்து எழுது. இவரிடமும் நீயே பேசு. செய்தி வரவில்லையென்றால் கசிவு இல்லை என்று அர்த்தமில்லை, இதை உன் வாயால் சொல். இந்த வாரமே சொல்.

அன்று மாலை மட்டும் வாழ்த்துச் சொல்ல இவர் செல்லுக்குப் போன் போடாதே. அண்ணியிடமும் சொல்லிவை. நீங்கள் பேசும் நேரத்துக்கு அந்த டவரில் ஓர் இடம் போய்விடும். வாழ்த்துவதானால் இதைப் படித்ததுமே, இருக்கிற இடத்திலிருந்தே, இவர் நூறு வயது இருக்கட்டும் என்று சொல்லிவிடு.

உன் தங்கை,
பாமா