பழக்கத்தில் சொன்ன ஆமென்

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் சித்தியும் சுகம். மலாவியில் உங்களுக்குக் காய்ச்சல் விட்டதா? சித்தி தூங்கியபின் எழுதுகிறேன். அவர்களிடம் சொல்லாதீர்கள்.

ஞாயிறு ஆராதனையில் நீங்கள் அனுப்பிய வீடியோவைப் போட்டார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளோடு கைதட்டிப் பாடி, "இங்கேதான் எனக்குச் சமாதானம்" என்று சிரித்தீர்கள். உத்தமபாளையத்தில் நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"எம்புட்டுச் சந்தோசமா இருக்கா பாருடி ஒங்கம்மா!" என்றார் சித்தி.

நீங்கள் கேட்டுக்கொண்டபடி, உங்கள் மிஷனரி ஊழியம் இன்னும் மூன்று வருடம் தொடரவேண்டும் என்று போதகர் ஜெபித்தார். எல்லோரோடும் சேர்ந்து நானும் பழக்கத்தில் சத்தமாக ஆமென் சொல்லிவிட்டேன். அப்படியென்றால், சொன்னபடி மே மாதம் நீங்கள் வீட்டுக்கு வரமாட்டீர்கள் என்பது அப்புறம்தான் உறைத்தது.

இன்னும் உங்கள் வாசனை இருக்கிற தலையணை உறையை நான் எடுத்துக்கொள்ளட்டுமா?

என் ஆமெனை மட்டும் கணக்கில் சேர்க்கவேண்டாம் என்று இயேசப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். நீங்களும் சொல்லுங்கள் அம்மா. சித்தி எழுந்துவிட்டார்.

மகள்,
கெரன்