அடைக்கூடையோடு வந்த உண்ணி

ஆசை மைமூன் அக்காவுக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்த அந்த உலகத்திலும் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துத்தான் பேசுகிறீர்களா? இங்கே பீங்கான் ஃபேக்டரியில் சங்கு ஊதினால் உங்கள் வீட்டுப் பக்கம்தான் என் காது போகிறது.

நம் சண்டை ஞாபகம் இருக்கிறதா? உங்கள் சாம்பல் கோழியை எனக்கு வாரத்துக்கு விட்டீர்கள். பொரிக்கிற குஞ்சில் உங்களுக்குப் பாதி, எனக்குப் பாதி. அடைக்கோழியைக் கூடையோடு கொடுத்துக் கூடையோடு திருப்புவது நம் தெரு வழக்கம். கூடை வந்து கொஞ்ச நாளில் என் கோழிகள் தலை தொங்கிச் செத்தன.

"உங்க கூடை வந்த நேரங்க" என்றேன்.

"உன் வூட்டு வாசல் சரியில்லடி" என்றீர்கள்.

ரோஷத்தோடு கோழியைக் கூடையோடு கொண்டுவந்து வைத்தேன். உங்கள் கோழிகளும் விழுந்தன. பேச்சு நின்றது. கோழி போனதைவிட அதுதான் அக்கா எனக்கு வலித்தது.

ஒருநாள் கத்தினீர்களே, "ஏண்டி, ஓடியா! கண்ணுமில்ல, தோசமுமில்ல, உண்ணிடி!"

வெந்நீர் ஊற்றிய கூடையின் பின்னலிலிருந்து உண்ணிகள் உதிர்ந்து கிடந்தன. பகலில் இடுக்கில் படுத்துக்கொண்டு, ராத்திரியில் ரத்தம் குடித்து நோயை ஏற்றியிருக்கின்றன. நாம்தான் மரியாதையாகத் தூக்கிப்போய் விருந்து வைத்திருக்கிறோம்! கூடையைக் கொளுத்தினோம். மிஞ்சிய சாம்பல் கோழியை, ஃபேக்டரியில் கழித்துப் போட்ட இடுக்கே இல்லாத வழவழப்பான பீங்கான் குழாயில் அடைத்தோம். அது பிழைத்தது. அன்று சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறு வலித்தது.

மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் போன வாரம் இதைச் சொன்னேன். கடல் தீவுகளில் பறவைகள் நெருக்கி நெருக்கிக் கூடு கட்டுமாம். உண்ணி கூட்டுக்குக் கூடு ஊர்ந்து நோயைப் பரப்புமாம். பறவைகள் கிளம்பிப் போனாலும் இடுக்கில் காத்துக் கிடக்குமாம்.

"அங்க கூடைய யாரு சார் குடுத்தனுப்புனாங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொரு சேதி. உங்கள் மருமகள் என்னோடு பேசுவதில்லை. அவள் குஞ்சுகளை அழகு என்று சொல்லிவிட்டேன். மறுநாளே ரெண்டு சுருண்டுவிட்டன. என் கண்தான் காரணமாம். மாமியாருக்கு ஏற்ற மருமகள்! எனக்குக் கோபமே வரவில்லை அக்கா, சிரிப்புத்தான் வருகிறது.

நாளைக் காலையில் குடம் நிறைய வெந்நீரோடு போகிறேன். அவள் முறைக்கட்டும், கதவைச் சாத்தட்டும். அவள் கையால் ஒரு டீ குடிக்காமல் வாசலை விட்டு நகர மாட்டேன். இது உங்களுக்குச் சத்தியம்.

வேலிக்கு இந்தப் பக்கத்து
உங்கள் தங்கச்சி