பச்சை வண்டியின் இடது கதவு

டிங்கர் பட்டறையில் பட்டி குழைக்கும் வாடை வந்தால் எனக்கு உன் ஞாபகம் வந்துவிடுகிறது. மற்றவர்களுக்கு இறந்த நண்பர்கள் பூ வாசனையிலும் காப்பி வாசனையிலும் வருவதாகப் படித்திருக்கிறேன். நமக்கு வாய்த்தது இது. போன வாரம் திங்கட்கிழமை காலை கொடைக்கானல் மூஞ்சிக்கல்லுக்குக் கீழே அந்தோணியின் பட்டறையில் அந்த வாடைக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். அவன் என் காரின் இடது முன்கதவை விரல் முட்டியால் தட்டித் தட்டிப் பார்த்தான். பிறகு டாக்டர்களைப் போலவே என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"இத நிமுத்த முடியாதுங்க சார். உள்ள ஃப்ரேமே மடங்கிருச்சு. வேற கதவு பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டு வாசலில் நின்ற வண்டியை ஒரு காட்டுமாடு முட்டிவிட்டது. கோபத்தில் அல்ல. அது போகிற வழியில் வண்டி நின்றது, அவ்வளவுதான். மாட்டிடம் லைசென்ஸ் கேட்க முடியாது. என் இன்சூரன்ஸ் மூன்றாம் நபருக்கு மட்டும் உள்ளது. மாடு எத்தனையாவது நபர் என்று அதில் எழுதவில்லை.

ஒரு கதவுக்கு ஏன் இத்தனை பதற்றம் என்று கேட்பாய். வண்டியின் பதிவு இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்க வியாழக்கிழமை பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் எஃப்.சி.க்கு நிறுத்த வேண்டும். கதவு மூடாத வண்டியை அவர் ஏறிட்டும் பார்க்க மாட்டார். அந்தத் தேதி தவறினால், இந்த வயது வண்டிக்கு இதற்கு மேல் எதற்கு சார் அலைகிறீர்கள், எடைக்குப் போடுங்கள் என்று எல்லோரும் அன்போடு சொல்வார்கள். நீ தங்கச்சி என்று கூப்பிடும் என் மனைவிக்கு விழித்திரையில் நீர் கோத்திருக்கிறது. நீ போன பிறகு வந்த சோலி. மாதம் ஒருமுறை மதுரைக்குக் கூட்டிப்போய்க் கண்ணில் ஊசி போட்டுவர வேண்டும். தள்ளிப்போனால் பார்வை குறையும், குறைந்தது திரும்பாது என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த ஊசி அதற்கடுத்த திங்கட்கிழமை. மலைப் பாதையில் பஸ் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. மாதாமாதம் வாடகைக் கார் பிடித்தால் என் பென்ஷனில் ஊசிக்கு மிஞ்சாது. எனவே கதவு.

நம் இருவருக்கும் ஒரே வருஷத்து, ஒரே மாடல், எண்ணூறு சி.சி. சின்ன வண்டி. உன்னுடையது பச்சை, என்னுடையது வெள்ளை. அந்த மாடலைச் செய்வதை நிறுத்திய பிறகு, பம்பருக்கும் ஃபெண்டருக்கும் பானட்டுக்கும் கீழே திண்டுக்கல் பக்கம் அலைவதே நம் உத்தியோகம் ஆயிற்று. நான் தபால் ஆபீஸிலும் நீ பெரும்பாறை எஸ்டேட் ஆபீஸிலும் வேலை பார்த்தது இடைவேளைகளில்தான்.

எதுவும் வேண்டாதவன்போல் கடையில் காட்டும் கடை மூஞ்சி உன் கண்டுபிடிப்பு. "வேணும்னு மூஞ்சில தெரிஞ்சா அங்கயே வெலை ஏறிரும் மாப்ள" என்பாய். அதற்கு விதிகள் வைத்திருந்தாய். கடைக்குப் பஸ்ஸில்தான் போக வேண்டும். அடிபட்ட வண்டியைக் காட்டவே கூடாது. போன் செய்து கேட்கக் கூடாது. வேண்டிய பொருள் இருக்கும் திசையைப் பார்க்கக் கூடாது. வேறு ஏதோ வண்டியின் வேறு ஏதோ பாகத்தை விசாரிக்க வேண்டும். விலை சொன்னதும் கேட் வரைக்கும் நடக்க வேண்டும், கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டால் என்ன செய்வது என்று நான் ஒருமுறை கேட்டேன். டீ குடித்துவிட்டு ஊருக்கு வந்துவிட வேண்டும், மறுநாள் போய் மறுபடியும் நடக்க வேண்டும் என்றாய்.

திண்டுக்கல்லில் உன் வண்டிக்கு முன் பம்பர் வாங்கிய அன்று நீ கடைக்காரரிடம் முக்கால் மணி நேரம் சைக்கிள் கேரியர் பற்றிப் பேசினாய். கடைசியில் போகிற போக்கில் வாங்குவதுபோல் பாதி விலைக்கு பம்பரை வாங்கிவிட்டாய். பஸ்ஸில் அதைக் குறுக்கே மடியில் வைத்துக்கொண்டாய். பக்கத்து சீட்டுக்காரர் செம்பட்டி வரை முழங்காலை மடக்கியபடி வந்தார். இன்னொரு நாள் இருவரும் மிக நன்றாக நடித்துவிட்டோம். கடைக்காரர் நம்மைப் பொருள் வாங்க வந்தவர்கள் என்றே எண்ணாமல், கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அதை நீ தோல்வியாக ஒப்புக்கொள்ளவில்லை. அளவு கொஞ்சம் கூடிவிட்டது என்று மட்டும் சொன்னாய்.

நீ போய் மூன்று மாதம் கழித்து உன் மகன் கதிர் திருப்பூரிலிருந்து வந்திருந்தான். வாசலில் உன் வண்டி நின்றது. "மாமா, அப்பா வண்டிய நீங்க எடுத்துக்கறீங்களா? ஒங்களுக்குப் பார்ட்ஸுக்காச்சும் ஆகும்ல" என்றான். எனக்கு அது வேண்டும். முழு வண்டியாக, உன் சீட் கவரோடு, உன் மிளகு மூட்டை வாசனையோடு வேண்டும். ஆனால் என் முகம் தானாகப் போய்க் கடை மூஞ்சியை மாட்டிக்கொண்டது. "எதுக்குப்பா, எனக்கே ஒண்ணு கெடக்கு" என்றேன். இன்னொரு முறை கேட்பான், விலை இறங்கும் என்பது என் கணக்கு. அவன் விலையே சொல்லியிருக்கவில்லை என்பது வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. சும்மா கொடுக்க வந்தவனிடம் பேரம் பேசிய ஆள் இந்த மலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நீ அவனுக்கு இந்த வித்தையைச் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது. நான் சொன்னதை அவன் அப்படியே நம்பிவிட்டான்.

கதவு போன பிறகு அவனுக்குப் போன் செய்தேன். வண்டியைப் போன மாதம்தான் ஒட்டன்சத்திரத்துக்கு வெளியே ஒரு பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்ததாகச் சொன்னான். நம்பர் தரட்டுமா என்றான். சும்மாதான் கேட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று மாலைக்குள் மற்ற இடங்களையும் பார்த்தாயிற்று. இணையத்தில் ஒருவரிடம் கதவு இருந்தது. அவசரமா சார் என்று கேட்டார், இல்லை என்றேன், ஒன்பதாயிரம், கண்ணாடி தனி என்றார். திண்டுக்கல்லில் டூப்ளிகேட் கதவுத் தகடு கிடைக்கும் என்றார்கள். அதை இந்த வண்டியில் பொருத்தி முடிக்கவே நாலு நாள் ஆகும் என்றான் அந்தோணி.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் பழனி இறங்கி, அங்கிருந்து ஒட்டன்சத்திரம் போனேன். உன் விதிப்படி போனும் செய்யவில்லை. அதனால் உன் வண்டி இன்னும் இருக்கிறதா, நசுக்கப்பட்டு இரும்புப் பாளமாகிப் போய்விட்டதா என்பதே தெரியாது. வழியெல்லாம் காய்கறி லாரிகள். ஒவ்வொரு லாரி முந்தும்போதும் அதில் பச்சைத் தகரம் எதுவும் போகிறதா என்று பார்த்துக்கொண்டு வந்தேன்.

இருந்தது. கடையின் கோடியில் சக்கரம் இல்லாமல், எஞ்சின் இல்லாமல், செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது. நான்கு கதவும் இருந்தன. கூரையில் அறுப்பதற்குச் சாக்பீஸால் கோடு போட்டிருந்தார்கள். நான் உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடையின் உரிமையாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. எடைமேடைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பழைய ஜீப்புக்கு ஹெட்லைட் ரிங் இருக்குமா என்று கேட்டேன். கையைக் காட்டினார். எனக்கு எந்தக் காலத்திலும் ஜீப் இருந்ததில்லை. பத்து நிமிஷம் ரிங்குகளைப் புரட்டிவிட்டு, அந்தப் பச்சை வண்டிக் கதவெல்லாம் என்ன விலைக்குப் போகும், சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன் என்றேன். இடதா வலதா என்றார். ஏதோ ஒன்று என்றேன்.

"ரெண்டாயிரத்தி ஐநூறுங்க. கண்ணாடியோட, ரப்பர் பீடிங்கோட."

நியாயமான விலை. இரண்டு நாளில் நான் கேட்ட ஒரே நியாயமான விலை. என் முகம் அதைக் கொள்ளை என்று சொல்லிற்று. நான் நடந்தேன்.

பின்னால் அவர் யாரையோ கூப்பிட்டு, மூணு மணிக்கு லாரி வந்துவிடும், பச்சை வண்டியைக் கூரையிலிருந்து ஆரம்பி என்றார். கேஸ் கட்டர் பற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் முதலில் சீறும், பிறகு சீராகும். கேட் முப்பது அடி தூரத்தில் இருந்தது. யாரும் கூப்பிடவில்லை. இருபது அடி. இன்று இல்லாவிட்டால் நாளை என்று நீ சொன்ன அந்த நாளை எனக்கு இல்லை. கூப்பிடவில்லை. கேட்டின் கம்பியைப் பிடித்தேன்.

இதே மாதிரி ஒரு வாசல் வரை நான் முன்பும் நடந்திருக்கிறேன். வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில் நீ கட்டிலில் கடை மூஞ்சியோடு படுத்திருந்தாய். வலி எப்படி இருக்கிறது என்று நர்ஸ் கேட்டதற்கு, சைக்கிள் கேரியர் விசாரிக்கும் அதே குரலில் "பரவால்லம்மா" என்றாய். என்னிடம், "கேஸ் ட்ரபிளுதான் மாப்ள. பஸ்ஸு போயிரும், வெரசா கெளம்பு" என்றாய். அந்த முகத்தை இருபது வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். டாக்டர் நம்பலாம், கதிர் நம்பலாம். நான் நம்பியிருக்கக் கூடாது. வார்டு வாசல் வரை நடந்தேன். நீ கூப்பிடவில்லை. நான் திரும்பவில்லை. மறுநாள் வெள்ளனே போன் வந்தது.

கேட்டை விட்டுவிட்டுத் திரும்பினேன். இந்த வயதில் ஓடினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. வேகமாக நடந்தேன் என்று வைத்துக்கொள்.

"அம்மா, அது என் கூட்டாளி வண்டிங்க. அவன் இப்ப இல்ல. எடது முன்கதவு எனக்கு வேணும். நாளன்னைக்கு எஃப்.சி. இருக்கு. வெலை என்னவா இருந்தாலும் வேணும்."

நிறுத்தப்பா என்று அவர் கையைத் தூக்கினார். கட்டர் அணைந்தது. இடது பக்கம் கூரையைத் தாங்கும் தூணில் கதவுக்கு நாலு விரல் மேலே வரை அறுத்திருந்தார்கள். கதவின் மேல் ஓரத்தில் பெயிண்ட் கொப்பளித்திருந்தது.

"ஏன் சார், இத வந்தவொடனே சொல்லிருக்கக் கூடாதா? அந்தப் பச்ச வண்டியத் தவிர மத்த எல்லாத்தையும் பாக்குறீங்க. ஏதோ கேசு விசயமா விசாரிக்க வந்த ஆளுன்னுல்ல நெனச்சேன்."

விலை என்ன என்று கேட்டேன்.

"வெலை அதேதான். ஒங்க மூஞ்சியப் பாத்து மாத்துறதுக்கு இது என்ன தக்காளியா?"

இருபது வருஷத்து விதிகள் அங்கே ஒரு வாக்கியத்தில் முடிந்தன. கீல் போல்ட்டுகளில் ஒன்று துருப்பிடித்துச் சுற்ற மறுத்தது. பலத்தைக் காட்டினால் கீல் வளையும். வளைந்தால் கதவு உதவாது. அவரே டீசல் ஊற்றி, ஊறட்டும் என்று உட்கார்ந்தார். வெளியே லாரி வந்து ஹாரன் அடித்தது. டிரைவர் இறங்கி வந்து இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். அந்த அம்மா போல்ட்டில் இன்னும் கொஞ்சம் டீசல் ஊற்றினார். நான் போல்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். முதல்முறையாக, வேண்டியதை நேராகப் பார்த்தபடி. அரை மணி கழித்து அது கால் சுற்று அசைந்தது.

பழனியிலிருந்து மலை ஏறும் பஸ்ஸில் கதவுக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டுவிட்டு, "கதவு எங்க எறங்குது?" என்று கண்டக்டர் கேட்டார். கொடைக்கானல் என்றேன். பின் சீட்டில் எனக்கும் பக்கத்து ஆளுக்கும் நடுவில் நிற்க வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். வளைவுகளில் அது என் மேல் சாய்ந்தது. நான் தள்ளவில்லை.

புதன்கிழமை அந்தோணி அதற்கு வெள்ளை அடித்தான். மழை மூட்டத்தில் பெயிண்ட் காயாததால், இரண்டு பெரிய பல்புகளை முன்னால் வைத்தான். வெளிப்பக்கம் வெள்ளை, திறந்தால் உள் விளிம்பில் உன் பச்சை. வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் அந்தக் கதவை மூன்று முறை திறந்து மூடினார். "கதவு நல்லாத்தான் இருக்கு. வண்டிதான் பழசு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை மதுரை போய் ஊசி போட்டு வந்தாயிற்று. பார்வை இருந்த அளவிலேயே நிற்கிறது என்றார்கள்.

நேற்று கதிருக்குப் போன் செய்தேன். அன்றைக்கு வண்டி வேண்டாம் என்றேனே, அது பொய், எனக்கு வேண்டியிருந்தது என்று சொன்னேன். பின்னே ஏன் மாமா வேண்டாம் என்றீர்கள் என்று கேட்டான். கடை மூஞ்சியைப் பற்றிச் சொன்னேன். பம்பர், சைக்கிள் கேரியர், கடையைச் சாத்திக்கொண்டு போனவர், எல்லாம் சொன்னேன். சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

"ஆஸ்பத்திரியிலயும் அப்பா அதத்தான் பண்ணாரா மாமா?"

ஆமாம் என்றேன். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை என்றேன். பிறகு, அப்பாவின் சாமான்கள் இன்னும் வீட்டில்தான் இருக்கின்றன, ஏதாவது வேண்டுமா என்று கேட்டான். வேண்டும் என்றேன். என்ன வேண்டும் என்றான்.

நான் அதுவரை யோசித்திருக்கவில்லை. வேண்டாம் என்பவனை யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை. அதனால் அதற்குப் பதில் வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் இருவருக்கும் இல்லாமலே போய்விட்டது. உன் ஸ்பேனர் பை, உன் கம்பளித் தொப்பி, மழைக்கோட்டு என்று ஒவ்வொன்றாக வாய் வரை வந்தன. எதுவும் அதுவாக இல்லை.

"நீ வாப்பா" என்றேன். "ஞாயித்துக்கெழம வந்து, சும்மா இருந்துட்டுப் போ."

வருகிறேன் என்றான். போனை வைத்தபோது என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. எதிரே உன் தங்கச்சி உட்கார்ந்து, ஊசி போட்ட கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். "என்னங்க, அழுவுறீங்களா?" என்றாள். இல்லை என்று சொல்ல என் தலை தானாக ஆடத் தொடங்கியது. அந்த ஆட்டம் நீ கொடுத்தது. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பாதியில் பிடித்து நிறுத்தினேன்.