உரலில் இடித்த கடல் பஞ்சு

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் விட்டார்களே, விட்ட வேகத்தில் நிறுத்தினார்களே, அந்த வருடம்தான் மச்சான், நீர் என்னோடு பேச்சை நிறுத்தியது. இன்று காலை வலையில் மஞ்சளாய் ஒரு கடல் பஞ்சு சிக்கி வந்தது. அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும், உமக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடத் தோன்றிற்று. எனக்கு எழுத்துத் தெரியாது. மாதா கோவில் உபதேசியார் எழுதுகிறார். ஒரு சொல்லையும் மெழுகக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

முத்துக் குளிக்கிறவனுக்குக் கயிறு பிடிப்பவன் அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தான். தங்கை தாலி இறங்க எந்த அண்ணனும் விடமாட்டான் என்று முன்னோர் வைத்த ஏற்பாடு. நாம் சங்கு குளிக்கப் போனபோதும் அதை விடவில்லை. நீர் அடியில் இருக்கும்போதெல்லாம் உம் மூச்சு என் உள்ளங்கையில் இருந்தது.

அந்த வருடத் தொடக்கத்தில் கல்லூரிக்காரர்கள் அனுமதிச் சீட்டோடு வந்து, கடலடிப் பாறைப் பாரில் ஒட்டியிருக்கும் பஞ்சைக் கேட்டார்கள். புற்றுநோயைக் கொல்லும் சரக்கு அதில் உண்டா என்று சோதிக்கப் போவதாகத்தான் சொன்னார்கள். நீர் மருந்து கைக்கு வந்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டீர்.

சில மாதத்தில் என் தங்கைக்கு மாரில் கட்டி. ஆஸ்பத்திரியே வேண்டாமென்று, பஞ்சைக் காயவைத்து உரலில் இடித்து, தேனில் குழைத்துக் கொடுத்தீர். மூன்றாம் நாள் அவள் வாய் வெந்து தண்ணீர்கூட இறங்கவில்லை. ஆட்டோவோடு வந்து நின்றேன்.

"சங்க இழைச்சுத் தடவுனா பரு அமுங்குதுல்லா? இதுவும் அதே கடல்தான் வே! எம் பொண்டாட்டிய எனக்குப் பாக்கத் தெரியும்" என்று வாசலை மறித்தீர்.

"கடலுக்குள்ள உம்ம கயிறு என் கையில. கரையில அவ கயிறும் என் கையிலதான். தள்ளும் வே" என்று தள்ளினேன்.

அதற்குள் அவள் பின்வாசல் வழியாகப் போய் ஆட்டோவில் ஏறியிருந்தாள். "ரெண்டு மச்சானும் சண்டைய முடிச்சிட்டு யாராவது ஒருத்தரு வாங்க" என்றாள், வெந்த வாயோடு. நான்தான் ஏறினேன்.

"கடல் பஞ்சுல இருந்து கண்டுபிடிச்ச புற்று மருந்து உண்டு பெரியவரே. அது வேற பஞ்சு. வருசக்கணக்கா சோதிச்சு ஊசியா வந்தது. இப்படி இடிச்சுக் குடுத்தா ஆளையே கொன்னுரும்" என்றார் டாக்டரம்மா. கத்தி வைத்தார்கள். ஊசி போட்டார்கள். முடி கொட்டி, மறுபடி முளைத்தது. நீர் வேறொருவன் கையில் கயிற்றைக் கொடுத்தீர். சாகும்வரை என் முகம் பார்க்கவில்லை.

உம் அடக்கத்தன்று, ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்றது ஊர். கேட்கவில்லை. இப்போதும் கேட்கமாட்டேன். அதே வாசலில் மறுபடி நீர் நின்றால் மறுபடியும் தள்ளுவேன். ஆனால் உம்மைப் 'பஞ்சு வைத்தியர்' என்று எவனாவது சிரித்தால் அவனையும் நான் விடுவதில்லை. கடலில் மருந்து இருக்கிறது என்றீரே, அது பொய்யில்லை. நம் வீட்டு உரல் போதும் என்று நினைத்ததுதான் பிழை. பயத்தில் செய்தீர். அது எனக்கு அன்றே தெரியும்.

உம் கோபம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சுமந்துவிட்டுப் போகிறேன். நம் வள்ளத்தில் வந்தவர்கள் ஒவ்வொருவராய்க் கல்லறைக்குப் போய்விட்டார்கள். எனக்கும் நெஞ்சு இரைக்கிறது. வருடம் தாங்காது என்று ஊரே நாள் குறித்தவள் மட்டும், இன்றைக்கும் மீன்காரியோடு சண்டை போட்டுவிட்டு வருகிறாள். எனக்குப் பிறகும் இருக்கப் போகிறவள் அவள் ஒருத்திதான்: உம் பெண்டாட்டி, என் தங்கை, லூர்தம்மாள்.