பேச ஆளில்லை என்று ஒரு புகார்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? படியேறுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று ஆபீசில் ஒரு கூத்து. எங்கள் சர்வீஸ் சென்டரில் வாடிக்கையாளர் புகார்களை ஒரு பழைய டேட்டாபேஸ் மென்பொருளில்தான் பதிகிறோம். அதிலிருந்து பிரிண்ட் வரவில்லை என்று என்னைப் பார்க்கச் சொன்னார்கள். சோதனைக்காக ஒரு பொய்ப் புகார் பதிந்தேன். பெயர் என்ற இடத்தில் 'டெஸ்ட்'. குறை என்ற இடத்தில், கை போன போக்கில், 'பேச ஆளில்லை'. பக்கத்துப் பிரிண்டரில் எதுவும் வராததால் திரும்பத் திரும்பப் பிரிண்ட் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் நான் புதுப் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்தும் அந்த மென்பொருள் பழைய பிரிண்டரின் பெயரையே பிடித்து வைத்திருந்தது. அந்தப் பழைய பிரிண்டர் இப்போது மாடியில், மேனேஜர் அறையில் இருக்கிறது.

அவர் ஒரு கத்தைத் தாளோடு இறங்கி வந்தார். "யாரும்மா இந்த கஸ்டமர்? பேச ஆளில்லைன்னு இத்தனை தடவை புகார் குடுத்திருக்காரு! நம்மகிட்ட அதுக்கு ஸ்பேர் பார்ட் இருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, பாத்ரூமில் போய் முகம் கழுவினேன். படித்த பெண் என்று என்னைப் பற்றி எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறீர்களே அப்பா, வெட்கமாக இருந்தது.

பிரிண்டர் சரியாகிவிட்டது. அந்தப் புகாரைத்தான் அழிக்க முடியவில்லை. எப்படித் தீர்த்தோம் என்று எழுதினால்தான் மென்பொருள் அதை மூடும். இன்னும் எதுவும் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் போன் செய்யும்போது, "இந்தா, அம்மாகிட்ட பேசு" என்று உடனே கொடுத்துவிடாதீர்கள். என்ன பேசுவது என்று யோசிக்க வேண்டாம். முழங்காலைப் பற்றியே சொல்லுங்கள்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன்; பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்