படத்துக்குள் போன மிளகு

வியாழன், இரவு.

எங்கள் மசாலாக் கடையின் மெயில் காலையில் வாடிக்கையாளர்களுக்குப் போனது. நான் எழுதியதையெல்லாம் டிசைன் செய்யும் மலையாளிப் பெண் அஞ்சு ஒரே படமாக்கியிருந்தாள். அழகாகத்தான் இருந்தது.

மதியம் கோயம்புத்தூர் வாடிக்கையாளர் ஒருவர் கூப்பிட்டார். அவருக்குக் கண் தெரியாது. போன்தான் மெயிலை வாசித்துச் சொல்லும்; படத்துக்குள் இருக்கும் எழுத்தை அதனால் வாசிக்க முடியாது.

"‘படம்’னு மட்டும் சொல்லிட்டு நின்னுடுச்சுங்க. என்ன அனுப்பினீங்க?"

ஸ்பீக்கரில் போட்டு முழுவதையும் வாசிக்கத் தொடங்கினேன். பாதியிலேயே குறுக்கிட்டார்.

"புது மிளகு வந்துடுச்சு, அதுதானுங்களே? அரைக் கிலோ அனுப்புங்க."

போனை வைத்ததும் அஞ்சு சிரித்தாள். "சேச்சி, என் படமும் வேண்டா, உங்க கதையும் வேண்டா, அல்லே?"

சாயங்காலம் அவள் படத்தைச் சிறிதாக்கினாள். நான் எழுத்தை மூன்று வரியாகக் குறைத்து, படத்துக்கு வெளியே வைத்தேன்.

அழித்ததில் ஒரு வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இங்கேயாவது எழுதி வைக்கலாமென்று யோசிக்கிறேன். நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது.